முக்லியின் பிடியரிசி

மலைகள் ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்து நிற்கும் காசுமீர நாட்டிலே, ஜீலம் ஆற்றை ஒட்டிய நெசவாளர் தெருவில், ஒரு காலத்தில் ஓர் இழை இருந்தது.

அது பருத்தி இழை அன்று, பட்டும் அன்று. புல்லும் உறைந்து நிற்கும் லடாக்கு மேட்டு நிலத்தில், வெள்ளாட்டின் முரட்டு மயிருக்கு அடியில், குளிர் கடுமையாகும்போது மட்டும் முளைக்கிற மென்மயிரிலிருந்து பிறந்தது. பனி எவ்வளவு கொடியதோ, அந்த மயிர் அவ்வளவு மிருதுவானது. கொடுமையின் நடுவே பிறந்ததனாலோ என்னவோ, அந்த இழைக்கு எதைக் கண்டாலும் அச்சம். அருகில் யாரேனும் பெருமூச்சு விட்டால் பறந்துபோகும்படி அது மெலிந்திருந்தது.

அதை நூற்றவள் முக்லி. நெசவாளி அஸத்தின் மனைவி. தெருவார் அவரை 'அஸத் ஜூ' என்று மரியாதையாக அழைப்பார்கள். முக்லி சன்னலோரத்தில் இராட்டையை வைத்துக்கொண்டு, இடையிடையே இருமிக்கொண்டு, இருமல் வரும்போதெல்லாம் இழை அறாதபடி முகத்தைத் திருப்பிக்கொண்டு நூற்பாள்.

இராட்டைக்குப் பேச்சில் பிரியம் அதிகம். "பயப்படாதே. இவள் விரலில் அறுந்த இழைகள் குறைவு" என்றது.

"குறைவு என்றால், அறுந்தவையும் உண்டா?" என்று கேட்டது இழை.

"உண்டு. அதோ மூலையில் கிடக்கின்றன. நீ அந்தப் பக்கம் பார்க்காதே."

இழை அந்தப் பக்கத்தைத்தான் பார்த்தது.

அந்த வேனிலில் தென்னாட்டிலிருந்து ஆராவமுதன் என்றோர் அடியார் வடதிசைத் தலங்களைச் சேவிக்க வந்தார். துணி வாங்குவோரையும் நெய்வோரையும் சேர்த்துவைக்கும் தரகர் ஸமத் அவரை அஸத்தின் வீட்டுக்கு அழைத்துவந்தார். அடியார் தமிழ் கலந்த இந்துஸ்தானியில் சொல்ல, ஸமத் அதைக் காசுமீர மொழியில் எடுத்துச் சொன்னார்.

"மார்கழி மாதம் எங்கள் ஊர்ப் பெருமாள் விடியலிலேயே நீராடுகிறார். போர்த்துவதற்கு எங்களிடம் இருப்பதெல்லாம் கனத்த கம்பளி. அவருக்குத் தோள் நோகும். ஆகையால் கனமே தெரியாத ஒரு சால்வை வேண்டும். சாயம் வேண்டாம், பூ வேண்டாம். ஆட்டின்மேல் இருந்த நிறமே போதும்."

அஸத் சற்றுத் தயங்கி, "கேட்பதற்கு மன்னிக்க வேண்டும். உங்கள் சாமிக்குத் தோள் நோகுமா?" என்றார். இதை எப்படி மொழிபெயர்ப்பது என்று ஸமத் நெளிந்தார். ஆயினும் அடியாருக்குப் புரிந்துவிட்டது.

"நோகாது என்று அவர் ஒருநாளும் எங்களிடம் சொன்னதில்லை" என்றார் அவர்.

உள்ளேயிருந்து முக்லி சிரிக்கும் ஒலி கேட்டது. "வாக்குக் கொடுத்துவிடுங்கள். இப்படி ஒருவருக்காக நெய்ய இனி எப்போது கிடைக்கும்?" என்று குரல் கொடுத்தாள். பனி விழுந்து கணவாய் மூடுவதற்குள் சால்வையை ஒப்படைப்பதாக அஸத் வாக்களித்தார். அடியார் மலைத்தலங்களை நோக்கி நடந்தார்.

இழைக்கோ இதைக் கேட்டதிலிருந்து நடுக்கம். மூலையில் கிடந்த அறுந்த துண்டுகள் அதனிடம் தறியைப் பற்றி எல்லாம் சொல்லியிருந்தன. அச்சு என்று ஒன்று உண்டு. சீப்பைப்போல நெருங்கிய பற்கள் உடையது. அந்தப் பற்களின் நடுவே இழை உரசி உரசிப் போகவேண்டும். குறுக்கிழையைச் சுமந்து நாடா பாயும்போதெல்லாம் அச்சு வந்து அடிக்கும்.

"நான் பிழைக்க மாட்டேன்" என்றது இழை.

"நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். சரியாகத்தான் நினைத்தோம்" என்றன துண்டுகள்.

முக்லிக்கு ஒரு வழக்கம் உண்டு. உலையில் அரிசி இடும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்து ஒரு மண்சட்டியில் தனியே போட்டு வைப்பாள். அது பாவுக்காக. தறியில் நீள ஓடும் இழைகளைப் பாவு என்பார்கள். அந்த இழைகளுக்குக் கஞ்சி ஊட்டினால்தான் அவை அச்சின் அடியைத் தாங்கும்.

"வீட்டில் உண்பவர் நாம் இருவர் என்று நினைத்திருந்தேன். பாவும் ஒரு வாய் உண்கிறது" என்று அஸத் கேலி செய்வார்.

"அது உண்ணாவிட்டால் நாமிருவரும் உண்ண முடியாது" என்பாள் முக்லி. ஆனால் அந்தப் பிடியை அவள் தன் பங்கிலிருந்தே எடுத்தாள் என்பதை அவருக்குச் சொல்லவில்லை.

சட்டி நிறைந்தது. ஒருநாள் காலையில் அவள் அந்த அரிசியைக் குழையக் காய்ச்சி, வடிகட்டி, அகன்ற பாத்திரத்தில் ஊற்றினாள். கஞ்சி கொதிப்பு அடங்காமல் முணுமுணுத்தது.

"நான் போகப் பிறந்த இடம் எது, என்னை ஊற்றும் இடம் எது! ஒரு வாய்க்குள் சென்று ஒரு பசியை அணைப்பதே எங்கள் குலத்துக்குப் பேறு. இவள் என்னை நூலுக்குச் சோறூட்ட அனுப்புகிறாளாம். ஏ நூலே, உனக்கு வாய் உண்டா, வயிறு உண்டா? பசிதான் உண்டா?"

"பசி இல்லை. பயம் இருக்கிறது" என்றது இழை.

கஞ்சியின் கொதிப்பு அடங்கியது. பிறகு, "பயமா? அதை அணைத்துப் பழக்கமில்லை. முயன்று பார்க்கிறேன்" என்றது.

முக்லி இழைகளைக் கஞ்சியில் தோய்த்தாள். கஞ்சி ஒவ்வொரு மயிரிடையிலும் புகுந்தது. நலிந்த இடம் எதுவோ அங்கே தடித்து நின்றது. பறக்கத் துடித்த நுனிகளைப் படியவைத்தது. முற்றத்து வெயிலில் இழைகளை நீட்டிக் கட்டிவிட்டு முக்லி சுவரில் சாய்ந்து அமர்ந்தாள். தன் வாழ்நாளில் முதன்முறையாக, காற்று வீசியபோது இழை நடுங்கவில்லை.

பாவு காய்ந்தது. முக்லி படுத்த படுக்கையிலிருந்து எழவில்லை.

அவள் விரல்கள் மெலிந்து, அணிந்திருந்த வெள்ளி மோதிரம் தானே கழன்று விழும் நிலைக்கு வந்தது. அதைக் கணவர் கையில் கொடுத்தாள். நெய்து முடித்த சால்வையை ஒரு விரல் மோதிரத்தினூடே இழுத்துப் பார்ப்பது அந்நாட்டு வழக்கம். தடையில்லாமல் போனால் சால்வை. தடுத்தால் வெறும் துணி.

"இதை இந்த மோதிரத்தில் இழுத்துப் பாருங்கள். ஸமத் ஜூவின் மோதிரத்தில் வேண்டாம். அவர் விரல் பருமன், எதுவும் அதில் போய்விடும்" என்றாள். அஸத் சிரித்தார். அதுவே அவர்கள் சேர்ந்து சிரித்த கடைசிச் சிரிப்பு.

அவளை அடக்கம் செய்துவிட்டு வந்து, மோதிரத்தைத் தறிக்கு மேலிருந்த ஆணியில் மாட்டினார். பாவைத் தறியில் ஏற்றினார். யாரோடும் பேசாமல் நெய்யத் தொடங்கினார்.

நாடா பாய்ந்தது. அச்சு அடித்தது.

"கஞ்சியே, விலகு. நான் இழையைத் தொடவேண்டும்" என்றது அச்சு.

"என்னைத் தொட்டுவிட்டு அப்புறம் போ" என்றது கஞ்சி.

"உன்னைத் தொட்டால் நீ உதிர்வாய்."

"கொஞ்சம்தானே உதிர்வேன்? மிச்சம் இருப்பேன்."

விடிந்தது முதல் பொழுது சாயும்வரை அடி விழுந்தது. ஒவ்வோர் அடிக்கும் கஞ்சி தூசியாகச் சிறிது உதிர்ந்தது. தறியின்கீழ் வெண்மையாகப் படிந்தது. இழையில் ஒரு மயிர்கூடப் பிரியவில்லை.

"உனக்கு வலிக்கிறதா?" என்று கேட்டது இழை.

"வாய்க்குள் போயிருந்தால் பற்களிடம் சிக்கியிருப்பேன். இங்கே வந்தால் இங்கேயும் பற்கள். என் தலையெழுத்து பல்லோடுதான்போல" என்றது கஞ்சி.

அன்று இழை முதன்முதலாகச் சிரித்தது. பயம் எப்போது போயிற்று என்று அதற்கே தெரியவில்லை. நாள்கள் செல்லச்செல்ல, அது கஞ்சியின் முகத்தையன்றி வேறெதையும் பார்ப்பதில்லை என்றாயிற்று. தனக்கு இருபுறமும் எண்ணிறந்த இழைகள் நின்றதையும், குறுக்கே ஓடும் ஊடை இழை தன்னைத் தழுவித் தழுவிச் சென்றதையும் அது கவனிக்கவேயில்லை.

"நாம் பிரியவேண்டாம்" என்றது ஒருநாள்.

"நான் எங்கே போகப்போகிறேன்?" என்றது கஞ்சி.

இலையுதிர் காலத்தில் சால்வை முடிந்தது. தறியிலிருந்து இறக்கியபோது அது காகிதம்போல மொரமொரத்தது. அப்படித்தான் இருக்கும். இறக்கிய சால்வையை ஆற்றங்கரைச் சலவைக்காரரிடம் கொடுத்து, கஞ்சி முழுதும் போக அலசியெடுத்த பிறகே அது சால்வை என்ற பெயரைப் பெறும். ஆனால் அஸத் அதைக் கரைக்குக் கொண்டுசெல்லவில்லை. முகத்தில் வைத்துக்கொண்டார். அதில் வெந்த அரிசியின் மணம் இருந்தது. முக்லி அடுப்படியிலிருந்து எழுந்து வரும்போது அவள் கைகளில் இருக்கும் மணம். அவர் சால்வையை நான்காய் மடித்துத் தேவதாருப் பெட்டியில் வைத்து மூடினார்.

சலவைக்காரர் சுப்ஹான் சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தாமே வந்தார்.

"அஸத் ஜூ, உம்முடைய தறியும் சும்மா நிற்கிறது, என்னுடைய கல்லும் சும்மா கிடக்கிறது. சால்வை கால் முளைத்துத் தானே வரும் என்று காத்திருக்கிறேன்."

"இதற்குச் சலவை வேண்டாம், சுப்ஹான்."

"வேண்டாமா? கஞ்சியோடு கொடுத்தால் கதவு என்று எண்ணி வாசலில் மாட்டிவிடப் போகிறார்கள், ஐயா!"

அஸத் சிரிக்கவில்லை. "அவள் காய்ச்சியது" என்றார்.

சுப்ஹான் தலைத்துணியை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டார். "என் கல் எங்கும் போகாது. நீர் சொல்லும்போது வருகிறேன்" என்று கூறிவிட்டுப் போனார்.

பெட்டிக்குள், இப்போது சால்வையாகிவிட்ட இழைக்கு ஆனந்தம். "பார்த்தாயா! நெசவாளியும் நம் பக்கம். இனி யார் நம்மைப் பிரிப்பார்?" என்று கஞ்சியைக் கட்டிக்கொண்டது. கஞ்சிக்கும் மகிழ்ச்சிதான்.

ஒருநாள் பெட்டியின் இடுக்கு வழியே ஓர் இராமபாணப் பூச்சி நுழைந்தது. வெள்ளி நிறமும் மெல்லிய நடையும் உடைய அது, மிகவும் பணிவாகப் பேசியது.

"மன்னிக்க வேண்டும். எனக்கு ஆட்டு மயிரில் ஆசையில்லை. அரிசி மணம் வந்தது, அதனால் வந்தேன்."

"அப்படியானால் என்னை மட்டும் தின்றுவிட்டுப் போ. இழையைத் தொடாதே" என்றது கஞ்சி.

"எனக்கும் அதுவே விருப்பம். ஆனால் எது நீ, எது இழை என்று எப்படிப் பிரிப்பது? நீங்கள்தாம் பிரியமாட்டோம் என்கிறீர்களே!"

பூச்சி குனிந்து, ஓரத்தில் ஓரிடத்தில் கடித்தது. கஞ்சியோடு சேர்ந்து ஓர் இழையும் அறுந்தது.

சால்வை துடித்தது. எத்தனையோ அடிகளை அயராமல் வாங்கிய கஞ்சி, இந்த ஒரு கடியில் ஒடுங்கிப்போயிற்று. அச்சின் பற்கள் இழையைத் தொடாதபடி குறுக்கே நின்றது அது. இந்தப் பல்லை அழைத்து வந்ததும் அதுவே.

"போகட்டும். ஒரு மூலைதானே? நீ இருந்தால் போதும்" என்றது சால்வை.



மறுநாள் காலை ஆராவமுதன் திரும்பி வந்தார். உதடுகள் குளிரில் வெடித்திருந்தன. அவருடன் வந்த ஸமத் வாசலிலேயே தொடங்கிவிட்டார். "அஸத் ஜூ, கணவாயின்மேல் மேகம் இறங்குகிறது. இன்றோ நாளையோ பாதை மூடிவிடும். சால்வை முடிந்ததா, இல்லையா?"

அஸத் பெட்டியைத் திறந்தார். ஆணியிலிருந்து மோதிரத்தை எடுத்தார். சால்வையின் ஒரு முனையைத் திருகி அதனுள் விட்டார். நான்கு விரல் அளவு சென்றது. பிறகு நின்றுவிட்டது.

"கொஞ்சம் பலமாக இழுத்துப் பாரும்" என்றார் ஸமத்.

"இழுக்கக் கூடாது. கிழிந்துவிடும்."

மோதிரத்தின் நடுவே சிக்கிய சால்வை கெஞ்சியது. "எங்களுக்குச் சற்று இடங்கொடு. நீயும் முக்லியுடையவள்தானே?"

"ஆம், அவள் விரலில் இருந்தவள் நான். அதனால்தான் உங்கள் இருவரையும் மணத்தாலேயே அறிந்தேன். ஆனால் என் வாசல் ஒருவருக்குத்தான். சால்வையே, நீ வரலாம். உங்கள் இருவரையும் சேர்த்து விட என்னால் ஆகாது" என்றது மோதிரம்.

"எத்தனை அடியை இந்தச் சால்வைக்காக வாங்கினேன் தெரியுமா? கைம்மாறு ஒன்றும் கேட்கவில்லை. கூட இருக்கிறேன் என்றுதானே கேட்கிறேன்?" என்றது கஞ்சி.

 மோதிரம் மெல்லச் சொல்லிற்று. "உன்னை எடுத்த கையில் நான் இருந்தேன். ஒவ்வொரு பிடியையும் அவள் தன் பங்கிலிருந்து எடுத்தாள். அப்போது அவளுக்குப் பசி இருந்தது. விரல் உள்ளங்கையில் இறுகுவதை நான் உணர்வேன். பிறகு அந்த விரல்கள் திறக்கும். அரிசி சட்டியில் விழும். ஒருநாளும் திறக்காமல் இருந்ததில்லை. அவள் கை திறந்ததனால் அல்லவா நீ உண்டானாய்?"

ஒரு பசியை அணைக்கப் பிறந்தேன் என்று குமுறிய கஞ்சிக்கு, அந்தப் பசி யாருடையது என்று அப்போதுதான் தெரிந்தது.

இவை எதுவும் மனிதர் செவியில் விழவில்லை. அஸத் சால்வையை மோதிரத்திலிருந்து விடுவித்து மடியில் விரித்தார். விரல் ஓரத்தைத் தடவிவந்தது, ஓரிடத்தில் நின்றது. பூச்சி கடித்த இடம். அவர் அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் இதைப் பூச்சிக்குக் கொடுத்தேன்" என்றார்.

ஸமத் அடியாரின் பக்கம் திரும்பி, "வேறு வீட்டில் வேறு சால்வை பார்க்கலாம்" என்றார். ஆராவமுதன் அசையவில்லை.

"இதில் என்ன மணம்?" என்று, மலைவழியில் கற்ற காசுமீர மொழியில் அஸத்திடமே கேட்டார்.

"அரிசிக் கஞ்சி. என் மனைவி காய்ச்சியது. உங்களுக்கு வாக்குக் கொடுக்கச் சொல்லி உள்ளேயிருந்து சிரித்தாளே, அவள். இப்போது இல்லை."

அடியார் கண்களை மூடித் திறந்தார். "நான் காத்திருக்கிறேன்" என்றார்.

"பனி காத்திருக்காதே, ஐயா!" என்றார் ஸமத்.

"பனியிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்."

"பனி உமக்குத் தெரிந்தவரோ?"

"பழக்கமில்லை. ஆனால் இருவரும் ஒரே எசமானிடம் ஊழியம் செய்கிறோம்."

அஸத் எழுந்தார். சால்வையைத் தோளில் இட்டுக்கொண்டு ஆற்றங்கரைக்கு நடந்தார். சுப்ஹான் அவரைக் கண்டதும் எழுந்தார். பூந்திக்கொட்டையை ஊறவைத்து நுரை எழுப்பினார். சால்வையை வாங்கக் கை நீட்டியபோது, "நானே அலசுகிறேன்" என்றார் அஸத். சுப்ஹான் விலகி இடம்விட்டார். முழங்கால் அளவு நீரில் அஸத் இறங்கினார். மலைமேல் உறைந்த பனியிலிருந்து புறப்பட்ட நீர் அது, எலும்பைத் தொட்டது.

"எனக்குப் பயமாக இருக்கிறது. நீ போனால் நான் உதிர்ந்துபோவேன்" என்றது சால்வை.

"நீ பயந்தது ஒற்றை இழையாய் இருந்தபோது. இப்போது திரும்பிப் பார். உன் இடப்பக்கம் யார்? வலப்பக்கம் யார்? மேலும் கீழுமாய் உன்னைத் தழுவிப் போவது யார்?" என்றது கஞ்சி.

சால்வை திரும்பிப் பார்த்தது. ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, ஒன்றின் கனத்தை ஒன்று தாங்கி, எண்ணற்ற இழைகள் நின்றன. அறுந்த ஓரத்திலும் அக்கம்பக்கத்து இழைகள் அந்த இடத்தை விடாமல் பிடித்திருந்தன. தறியில் ஏறிய நாள்முதல் அவை அங்கேதான் இருந்தன.

"அடியை நான் தாங்கினேன். அதற்குள் இவர்கள் உன்னைப் பற்றிக்கொண்டார்கள். என் வேலை அவ்வளவுதான்" என்றது கஞ்சி. பிறகு அதன் குரல் தேய்ந்தது. "ஆனால் இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது. நீரில் கரைந்தால் நான் என்ன ஆவேன் என்று யாரும் சொல்லவில்லை."

சால்வை கஞ்சியின் பக்கம் திரும்பியது.

"பயமா? அதை அணைத்துப் பழக்கமில்லை. முயன்று பார்க்கிறேன்" என்றது.

அது தன் ஒவ்வோர் இழையாலும் கஞ்சியை ஒருமுறை இறுக அணைத்தது. பிறகு, ஒரு பிடி அரிசியை விடும் கையைப்போல, மெல்ல மெல்லத் திறந்தது.

ஆற்றில் வெண்மையாக ஒரு நெளிவு பிரிந்தது. சால்வையை விட்டு நழுவி, அஸத்தின் கால்களைச் சுற்றிக்கொண்டு, படித்துறையைத் தாண்டி, பாலத்தின் நிழலுக்குள் போயிற்று. சிறு மீன்கள் வாய் திறந்துகொண்டு அதன் பின்னே சென்றன. நீர் பிறகு தெளிந்துவிட்டது.

"போய் வா, முக்லி" என்றார் அஸத்.

சுப்ஹான் முகத்தைத் திருப்பிக்கொண்டு, துணி ஒன்றும் இல்லாத கல்லைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்.

சால்வை நிழலில் உலர்ந்தது. அறுந்த இடத்துக்கு அதன் விளிம்பிலிருந்தே ஓர் இழையை உருவி, ஊசியால் அஸத் செப்பனிட்டார். பிறகு மோதிரத்தை எடுத்தார். இம்முறை அவர் இழுக்கவில்லை. முனையை உள்ளே விட்டுவிட்டுக் கையை எடுத்தார். தன் கனத்தாலேயே, மூச்சுப் போவதுபோல, சால்வை முழுதும் மோதிரத்தினூடே இறங்கி அவர் மடியில் விழுந்தது. 

"உன்னோடு யாரும் வரவில்லையா?" என்று போகும்போது மோதிரம் கேட்டது.

"கூட இருந்தவர் வழிவிட்டுப் போனார். அதனால் வந்தேன்" என்றது சால்வை.

மேகம் அன்று இறங்கவில்லை. ஆராவமுதன் கணவாயைக் கடந்த மறுநாள் பாதை மூடிற்று. மோதிரம் ஆணிக்குத் திரும்பியது.

தெற்கே, நெல்வயல்களின் நடுவே ஒரு சிறிய கோயில். மார்கழி விடியல். கோபுரத்தின்மேல் பனி புகையாகத் தங்கியிருந்தது. பெருமாள் நீராடி எழுந்தருளியதும் பட்டர் அந்தச் சால்வையைத் திருத்தோள்களில் சாத்தினார். சாத்தியவர் தம் கையைத் தாமே பார்த்துக்கொண்டார்.

"சுவாமி, சாத்தினேனா இல்லையா என்றே தெரியவில்லையே!" என்றார்.

"அவருக்குத் தெரிந்தால் போதும்" என்றார் ஆராவமுதன்.

சேவித்தவர்கள் எல்லாரும் சால்வையின் மென்மையைப் போற்றினார்கள். ஆட்டைச் சொன்னார்கள், நெய்த கையைச் சொன்னார்கள், கொண்டுவந்த அடியாரைச் சொன்னார்கள். கஞ்சியை ஒருவரும் சொல்லவில்லை. சொல்வதற்கு அது சால்வையில் எங்கும் இல்லை. எட்டாத இடத்தை எட்டிவிட்ட சால்வை, பெருமாளின் தோளில் இருந்தவாறே, அந்த ஓர் இன்மையை உணர்ந்துகொண்டிருந்தது. 'என்னை இங்கே அனுப்பியவர் கரைந்து எங்கே போனாரோ!'

அமுது செய்விக்கும் நேரம் வந்தது. ஊர்ப் பெண்கள் தத்தம் வீட்டு உலையில் இடுமுன் தினமும் ஒரு பிடி எடுத்துவைத்துக் கோயிலுக்கு அளந்த அரிசி. அது மடைப்பள்ளியில் பொங்கி, ஆவி பறக்கத் திருமுன் வந்தது. திரை விழுந்தது. உள்ளே பெருமாளும், சோறும், சால்வையும் மட்டும்.

ஆவி மெல்ல எழுந்தது. திருவடியைத் தொட்டு, திருமார்பைத் தொட்டு, திருத்தோளில் வந்து படிந்தது. சால்வைக்கு அந்த மணம் தெரிந்திருந்தது.

"நீயா?" என்றது. "எந்த வயலிலிருந்து வந்தாய்? வடக்கிலா, தெற்கிலா?"

"வயல் எனக்கு நினைவில்லை. ஒரு கை திறந்தது, வந்தேன்" என்றது ஆவி.

திரை விலகியது. சால்வையின் ஓரத்தில், ஊசியால் செப்பனிட்ட இடத்தில், துளித்துளியாக ஈரம் அரும்பி நின்றது. மார்கழிப் பனி என்று எண்ணிப் பட்டர் அதை ஒற்றி எடுத்தார்.